புகுந்துவிட்டதாம் அரசியல்!

அரசியல் புகுந்துவிட்டதாம்! விண்கலம் ஏறி விண்மீன்களிடையே உலவிவரும் கதையிலே, வேடிக்கை பார்க்க வந்தோரின் விழிகளை உறுத்தும் வண்ணம் அரசியல் புகுந்துவிட்டதாம்! அமெரிக்க நாட்டின் 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் இரசிகர் சிலர் 2017-ஆம் ஆண்டிலே எழுப்பிய ஓலம் இது. 'டிஸ்கவரி' என்னும் புதிய தொடரின் முன்னோட்டம் அவ்வாண்டு மே திங்களில் வெளிவந்தது. தலைமைப் பாத்திரத்தில் சொனெக்வா மார்ட்டின்-கிரீன் என்ற கருப்பினப் பெண்மணி. அவருக்கு மேலதிகாரியாக மிஷெல் இயோ என்ற ஆசியப் பெண்மணி. அவ்வளவுதான்! ஒரு பகுதிகூட ஒளிபரப்பாகவில்லை. கதை இன்னதென்று எவருக்கும் தெரியாது. அதற்குள், வெள்ளையரை ஒழிக்கும் சதி இது என்று கூவவும் துணிந்தனர் சிலர். படிக்காத ஏட்டுக்குப் பழிப்புரை!

முன்பெல்லாம் தூய கதையாக இருந்ததாம், இப்போதுதான் கெட்டதாம். எந்நாளில் இருந்தது அந்தத் தூய்மை? நாம் தேடிப் பார்க்கிறோம், தென்படவில்லை.

1966 செப்டம்பர் 8-ஆம் நாள் தொடங்கியது ஜீன் ராடன்பெர்ரி படைத்த அத்தொடர். கலத்தைச் செலுத்தும் இருக்கையிலே யார்? ஜார்ஜ் டகே. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய மரபினர் என்ற ஒரே 'குற்றத்துக்காக' அமெரிக்க அரசு முள்வேலிக்குள் அடைத்துவைத்த குடும்பங்களில் ஒன்றின் பிள்ளை! செய்தித் தொடர்பு அதிகாரியாகக் கருப்பின நங்கை நிஷெல் நிக்கல்ஸ். வாஷிங்டனும் மாஸ்கோவும் முறைத்துக்கொண்டு நின்ற 1967-இல், ரஷ்ய இளைஞன் ஒருவனும் அக்கலத்தில் ஏறினான். இவற்றில் எல்லாம் அரசியல் இல்லை போலும்!

1968 நவம்பர் 22-இல், வெள்ளைத் தலைவனும் கருப்பு நங்கையும் முத்தமிடும் காட்சி வந்தது. தென் மாநில நிலையங்கள் சீறுமே என்று நிறுவனத்தார் நடுங்கினர். நடுங்காது என் செய்வர்? 16 மாநிலங்களில் இருந்த கலப்புமணத் தடைச் சட்டங்களை உச்சநீதிமன்றம் செல்லாதெனத் தீர்த்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

1969 சனவரியில் வந்த கதையைக் கேளுங்கள், தோழர்களே! செரான் என்னும் கோளிலிருந்து இருவர் வருகின்றனர். இருவர் முகத்திலும் ஒரு பாதி கருப்பு, மறு பாதி வெள்ளை. ஒருவன் மற்றவனை இழிபிறவி என்கிறான். 50,000 ஆண்டுகளாக விரட்டி வருகிறான். என்னய்யா வேற்றுமை என்று கலத்தலைவன் விழிக்கிறான். தெரியவில்லையா? இவனுக்கு வலப்பக்கம் கருப்பு, அவனுக்கு இடப்பக்கம் கருப்பு! அதுதான் உயர்வு, அதுதான் தாழ்வு! ஊர் திரும்பிப் பார்த்தால், கோள் முழுவதும் பிணக்காடு. இரு சாராரும் ஒருவரையொருவர் கொன்று தீர்ந்துபோயினர். அப்போதும் அவ்விருவர் ஆத்திரம் அடங்கவில்லை. அழிந்த நகரிலே இறங்கி ஓடுகின்றனர், விரட்டுகின்றனர்.

இதைவிட அப்பட்டமான அரசியல் உண்டோ? 'தூய கதை' என்று இன்று பெருமூச்செறிபவர் இதையும் சேர்த்துத்தான் போற்றுகின்றனர். செரான்வாசியின் பகையைத் தமதல்லாத பகையாக எண்ணிச் சிரித்துவிடலாம். தலைமைப் பாத்திரம் கருப்பினப் பெண்ணுக்கு என்றதும் சிரிப்பு வரவில்லை.

கதை சோர்ந்தால் சோர்ந்தது என்று சொல்லட்டும். உரையாடல் உபதேசமானால் எள்ளி நகையாடட்டும். 'டிஸ்கவரி'யில் கண்ணீர் சற்று மிகுதி என்பது நம் கருத்துங்கூட. ஆனால் அதைச் சொல்ல, முதலில் பார்த்திருக்க வேண்டுமே!

தரம் என்ற சொல் எதற்கெல்லாம் போர்வையாகும் என்பதையும் இதே வரிசைத் தொடர் ஒன்று காட்டியிருக்கிறது. 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1998 பிப்ரவரியில் வந்த பகுதி அது. இயக்கி நடித்தவர் ஏவரி புரூக்ஸ். 1953-ஆம் ஆண்டு நியூயார்க். அறிவியல் கதை இதழ் ஒன்றில் பென்னி ரஸ்ஸல் என்ற கருப்பின எழுத்தாளன். வாசகருக்காக எழுத்தாளர்களைப் படமெடுக்கும் நாளில், அவனும் உடன் எழுதும் பெண்மணியும் வராமல் இருப்பது நலம் என்கிறார் ஆசிரியர். எழுதுவது யாரென்று வாசகர் அறியலாகாதாம்! அவன் எழுதுகிறான், விண்ணிலையம் ஒன்றைக் கருப்பினத் தலைவன் ஆளும் கதையை. அச்சேறிய இதழ் முழுவதையும் அழிக்கச் சொல்கிறான் உரிமையாளன். எழுத்தாளனுக்கு வேலையும் போகிறது. உரிமையாளன் கூறியனுப்பிய காரணம்: இம்மாத இதழின் தரம் போதவில்லை.