வெளிநாட்டில் துணி எடுக்கும் பிள்ளைகளுக்கும், இங்கே காத்திருக்கும் உறவுகளுக்கும்



வெளிநாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ கிளம்பும் பிள்ளைகள் சொல்லிக்கொண்டு போக வரும்போது தவறாமல் ஒன்று கேட்கிறார்கள். "டீச்சர், துணிமணி எல்லாம் இங்கேயே எடுத்திட்டுப் போகட்டுமா, அங்கே போய் எடுக்கட்டுமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து இதுதான். வெயிலுக்கு வேண்டியதை இங்கிருந்து கொண்டு போங்கள். குளிருக்கு வேண்டியதை அங்கே எடுங்கள். எங்களுக்கென்று எதுவும் எடுத்து வராதீர்கள்.

முதலில் குளிர். ராஜபாளையத்தில் குளிர் என்றால் மார்கழி விடியலில் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். இங்கே விற்கும் ஸ்வெட்டரும் அந்தக் குளிருக்குத்தான் சரி. லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் அது பத்தாது. அங்கே மூன்று அடுக்கு வேண்டும்: உடம்பை ஒட்டி தெர்மல், அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத கோட்டு. பருத்தி நமக்கு உயிர் என்றாலும், நனைந்தால் ஈரத்தை விடாது. குளிருக்கு அது ஆகாது. மதுரையில் பத்தாயிரம் கொடுத்து ஒரு ஜாக்கெட் எடுத்து, பாதிப் பெட்டியை அடைத்துக்கொண்டு போகாதீர்கள். இறங்குகிற அன்றைக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். மற்றதைப் போன முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள்.

கையில் காசு குறைவு, எங்கே எடுப்பது? இங்கிலாந்தில் கடைத்தெருவுக்குக் கடைத்தெரு சாரிட்டி ஷாப் இருக்கிறது. ஆக்ஸ்பாம் நிறுவனம் 1947ல் ஆக்ஸ்போர்டில் திறந்த கடை இதில் பேர்பெற்றது. மக்கள் கொடுக்கும் துணியைத் தரம் பிரித்துக் குறைந்த விலைக்கு விற்பார்கள், வரும் பணம் தருமத்துக்குப் போகும். அமெரிக்காவில் இதே வேலையைச் செய்யும் குட்வில் 1902ல் பாஸ்டனில் தொடங்கியது. மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தபோது இப்படிப்பட்ட கடைகளில் நிறைய ஏறி இறங்கியிருக்கிறேன். ஜிப்பை இரண்டு தரம் ஏற்றி இறக்குங்கள். அக்குள் தையலையும் காலர் ஓரத்தையும் பாருங்கள். லேபிளில் கம்பளி எத்தனை சதவீதம் என்று படியுங்கள். உள்ளாடையும் செருப்பு, ஷூவும் மட்டும் புதிதாக வாங்குங்கள்.

"அடுத்தவங்க போட்ட துணியா?" என்று முகம் சுளிக்கும் அம்மாக்களுக்கு ஒன்று சொல்கிறேன். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டு வளர்ந்த வீடுகள் நம் வீடுகள். அதை விடுங்கள், ஸ்ரீவில்லிபுத்தூரின் பெருமையே ஒருத்தி சூடிக் களைந்த மாலைதானே? இன்றும் ஆண்டாள் சூடிய மாலைதான் புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிறது. பெருமாளுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு? துவைத்து, வெயில் கண்டபோது காயவைத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

புதிதாகத்தான் வேண்டும் என்றால் குளிர் முடியப் போகும் ஜனவரி, பிப்ரவரியில் அடுத்த வருடத்துக்கு எடுங்கள். அப்போதுதான் தள்ளுபடி. இங்கிலாந்தில் பெரியவர் துணிக்கு 20 சதவீதம் வரி, சிறுவர் துணிக்கு வரி கிடையாது. ஒல்லியான நம் பெண்பிள்ளைகளுக்குச் சிறுவர் பிரிவின் பெரிய சைஸே பொருந்திவிடும்.

ஒரு கணக்கும் சொல்கிறேன். விலையை எல்லாம் ரூபாயில் பெருக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் கடைசியில் கோட்டு இல்லாமல் நடுங்குவீர்கள். பெருக்காதீர்கள், வகுங்கள். 30 பவுண்டு கோட்டை வருடத்துக்கு 100 நாள், 3 வருடம் போட்டால் நாளுக்கு 10 பென்ஸ். 15 பவுண்டு சட்டையை ஒரே ஒரு விருந்துக்குப் போட்டால் அந்த ஒரு நாளைக்கு 15 பவுண்டு. எது விலை கூடியது?

இனி உறவுகளுக்குச் சொல்ல வேண்டியது. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் போனால் நம் பிள்ளைகள் கூட்டத்தைப் பார்க்கலாம். ஊருக்கு வரப் போகிறவன் சையத் ஆல்வி ரோடு முஸ்தபாவிலும், தேக்கா மாடியில் இருக்கும் துணிக்கடைகளிலும் பட்டியலை வைத்துக்கொண்டு நிற்பான். 2024 முதல் அங்கே ஜிஎஸ்டி 9 சதவீதம். சுற்றுலா வந்தவர்கள் விமான நிலையத்தில் அதைத் திரும்ப வாங்கலாம், வேலை அனுமதியில் இருப்பவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

என்னிடம் படித்த ஒருவன் ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் அடையும் முன்பே முதல் விடுப்பில் வந்தான். பெரியப்பா, அத்தை, மதினி, மச்சான், பக்கத்து வீடு என்று 26 பேருக்குத் துணி. வாங்கிக்கொண்ட ஓர் அம்மா, "கலர் கொஞ்சம் மங்கல்தான்" என்றார். அவன் திரும்பிப் போக டிக்கெட் எடுக்க அவன் அம்மா கம்மலை அடகு வைத்தார். இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தது.

அவன் எனக்குக் கொடுத்த பனியன் துணி மேல்சட்டையில் 'மேட் இன் இந்தியா' என்று இருந்தது. இதில் ஆச்சரியம் என்ன? நம் நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. நம் ஊர் மட்டும் என்ன? 1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இது நூல் ஊர். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி வெளிநாட்டு ஆஸ்பத்திரி வரை போகிறது. தளவாய்புரத்தில் வீட்டுக்கு வீடு நைட்டி தைக்கிறார்கள். சுந்தரபாண்டியத்தில் கைத்தறிச் சேலை நெய்கிறார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போல, இந்த ஊருக்கா அந்தப் பிள்ளை கடன்பட்டுத் துணி சுமந்து வர வேண்டும்?

மரியாதைக்குக் கொண்டு வருகிறான் என்பீர்கள். மரியாதை என்று நாம் சொல்வதால்தான் அவனால் நிறுத்த முடியவில்லை. அவன் நிறுத்தினால் "சம்பாத்தியம் வந்ததும் மாறிட்டான்" என்று நாமே பேசுவோம். ஆகவே முதலில் நிறுத்த வேண்டியவர்கள் நாம்தான். நம் வீட்டுப் பிள்ளை போன் பேசும்போது பெரியவர்களே வாய் திறந்து சொல்லிவிடுங்கள்: "எங்களுக்குத் துணி வேண்டாம்யா, கடனை அடை."

அவன் வந்தால் நாம் எடுத்துக் கொடுப்போம். ஒரு நல்ல கைலி, இரண்டு பருத்தித் துண்டு, அரைக்கிலோ பால்கோவா. அங்கே இதெல்லாம் கிடைத்தாலும் இங்கே கொடுக்கிற மாதிரி வராது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, சிக்கனமாகத் துணி எடுக்க நீங்கள் கண்ட வழிகளையும் எழுதுங்கள். அடுத்துக் கிளம்புகிறவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்