பாலையில் அரைக்குப்பி நீர்

பாலைத் திணையின் உரிப்பொருள் பிரிவு என வகுப்பறையில் கற்பிக்கிறோம். லிபியப் பாலையில் நிகழ்ந்ததொரு பிரிவையும் நம் மாணவர் அறிதல் நன்று.

1943 ஏப்ரல் 4 அன்று, 'லேடி பீ குட்' என்னும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்பதின்மருடன் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரைத் தாக்கப் புறப்பட்டது. இரவில் திரும்புகையில் லிபியாவிலுள்ள தன் தளத்தை அறியாது கடந்து, 600 கிலோமீட்டருக்கும் மேலாகப் பாலைக்குள் சென்றுவிட்டது. எரிபொருள் தீரும் நிலையில் அனைவரும் வான்குடைகளுடன் குதித்தனர். ஒருவர் வான்குடை சரிவர விரியாமல் மாண்டார். எஞ்சிய எண்மரும் வடக்கு நோக்கி நடந்தனர். இருந்த அரைக்குப்பி நீரை, நாளொன்றுக்கு ஒரு மூடியளவாகப் பகிர்ந்துகொண்டனர். ஐவர் தளர்ந்து வீழ, மூவர் உதவி தேடி மேலும் நடந்தனர். எவரும் மீளவில்லை. 1960-இல் கிடைத்த துணை விமானியின் நாட்குறிப்பு, ஏப்ரல் 12 வரை இத்துயரைச் சொல்கிறது.

ஆளின்றித் தரையிறங்கிய விமானத்தை 1959-இல் சென்றடைந்தவர்கள், அதனுள் குடிநீரும் இயங்கும் வானொலிக் கருவியும் இருக்கக் கண்டனர்!

உலகம் அவ்விமானத்தையே வியந்து பேசுகிறது. போரைப் போற்றுதல் நம் நோக்கமன்று. நேப்பிள்ஸில் குண்டுகளுக்கு அஞ்சி வாழ்ந்தோரும் மாந்தரே. ஆயினும், தாகத்தால் மடியும் வேளையிலும் ஒரு மூடி நீரைப் பங்கிட்டுண்ட அப்பண்பே நினைக்கத்தக்கது என்பது நம் துணிபு. அழிக்கும் கருவியை மனிதன் ஆக்கினான். அது கைவிட்ட பின்னரே அவன் மனிதனாய் நடந்தான்.