குழந்தையின் எடை: கிலோவை மட்டுமல்ல, கோட்டையும் பாருங்கள்!

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் நாம் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ?" என்றுதான். கேட்டதோடு விடுகிறோமா? "எங்க பேரன் இதே வயசுல எட்டு கிலோ இருந்தானே!" என்று ஒரு வார்த்தையும் போட்டுவிட்டு வருகிறோம். அந்த ஒரு வார்த்தை, பிள்ளை பெற்றவளை எத்தனை ராத்திரி தூங்கவிடாது என்று நாம் யோசிப்பதே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண். தலைப்பிரசவம், பெண் குழந்தை. ஆறு மாதத்தில் 6.4 கிலோ. டாக்டர் அட்டையில் புள்ளி வைத்து, "பதினைந்தாவது பெர்சன்டைல்" என்றாராம். "நூற்றுக்குப் பதினைஞ்சுதானா மாமி? அப்போ பெயில்தானே?" என்று கண் கலங்கிவிட்டாள். அவள் மாமியாரோ, "உன் பால் போதலை, டின் பாலை ஆரம்பி" என்று ஒற்றைக் காலில் நின்றார்.

பெர்சன்டைல் என்பது மார்க் இல்லை, சகோதரிகளே. வரிசையில் ஓர் இடம். ஒரே வயதுள்ள நூறு பெண் குழந்தைகளை, எடை குறைந்தவளிலிருந்து கூடியவள் வரை வரிசையாக நிறுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். சுமார் பதினைந்து குழந்தைகள் இவளைவிட எடை குறைவு, மற்றவர்கள் கூடுதல். அவ்வளவுதான் அர்த்தம். எல்லாருமே ஆரோக்கியமான குழந்தைகள் என்றாலும், ஒருத்தி முன்னாலும் ஒருத்தி பின்னாலும் நின்றுதானே ஆக வேண்டும்? ஐம்பது என்பது நடு இடம். பாஸ் மார்க் அல்ல. தொண்ணூற்றேழு என்றால் முதல் ரேங்கும் அல்ல.

இப்போது நாம் பயன்படுத்தும் அட்டவணையை உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டது. நம் டில்லி உட்பட ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை எடை, உயரம் பார்த்துத் தயாரித்தார்கள். தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை வைத்துப் போட்ட கணக்கு இது. அதற்கு முன் இருந்த அமெரிக்க அட்டவணையில் புட்டிப்பால் குழந்தைகள் ஜாஸ்தி. அதை வைத்துப் பார்த்தால், தாய்ப்பால் குழந்தை நாலு மாதத்துக்குப் பிறகு பின்தங்குவது போலத் தெரியும். நல்ல பால் இருந்தும் எத்தனையோ தாய்மார் புட்டியை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, அந்தப் பெண்ணின் குழந்தைக்கு வருவோம். பிறக்கும்போது 2.8 கிலோ. இரண்டு மாதத்தில் 4.5. நாலு மாதத்தில் 5.6, அதாவது பிறந்த எடைக்கு இரட்டிப்பு. ஆறாம் மாதம் 6.4. புள்ளிகளைச் சேர்த்தால் பதினைந்தாவது கோட்டை ஒட்டியே ஏறுகிறது. தனக்கென்று ஒரு பாதை பிடித்து ஒழுங்காகப் போகிறாள். அவளுக்கு எதற்கு டின் பால்?

இன்னொரு குழந்தையைப் பாருங்கள். ஆறு மாதத்தில் 7.3 கிலோ, நட்டநடு இடம். ஒன்பதாம் மாதம் 7.4 கிலோதான். மூன்று மாதத்தில் நூறு கிராம்! "பார்க்கக் கொழுகொழுன்னுதானே இருக்கா" என்று வீட்டில் சும்மா இருந்துவிடுவார்கள். ஆனால் கோடு படுத்துவிட்டது. டாக்டரிடம் ஓட வேண்டியது இந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான். வயிற்றுப்போக்கு வந்து போயிருக்கலாம், சிறுநீரில் தொற்று இருக்கலாம். நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது, ஆறு மாதம் முடிந்தும் ரசத் தண்ணீரும் நீர்க்கஞ்சியுமே கொடுப்பது. சோறும் பருப்பும் நெய்விட்டு, ஸ்பூனைச் சாய்த்தால் வழியாத பதத்தில் மசித்துக் கொடுக்க வேண்டும். கூடவே தாய்ப்பாலும் தொடர வேண்டும்.

அட்டையைச் சரியாகப் பார்க்கச் சில விஷயங்கள்:

ஒரே தராசில், துணி இல்லாமல் எடை போடுங்கள். ஈர நாப்கினே நூறு, இருநூறு கிராம் காட்டிவிடும்.

பெண்ணுக்கும் பையனுக்கும் அட்டவணை வேறு வேறு. ஆறு மாதத்தில் நடு எடை பெண்ணுக்கு 7.3, பையனுக்கு 7.9 கிலோ.

பிறந்த முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயற்கை. இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். இல்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

குறைமாதக் குழந்தைக்கு, எத்தனை மாதம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். இரண்டு வயது வரை இப்படித்தான்.

எடையோடு நீளத்தையும் தலைச் சுற்றளவையும் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அங்கன்வாடியில் தரும் அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று பட்டைகள் இருக்கும். பச்சை சரியான எடை. மஞ்சள் எடைக் குறைவு. ஆரஞ்சு மிகவும் குறைவு, தாமதிக்கவே கூடாது. ஆனால் பச்சைக்குள்ளேயே கோடு கீழே சரிந்தாலும், படுக்கையாக நீண்டாலும் அதுவும் எச்சரிக்கைதான். மஞ்சள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதேபோல எடைக்கோடு மட்டும் விறுவிறுவென்று மேலே பாய்ந்து, நீளம் பழைய இடத்திலேயே இருந்தாலும் கேட்டுக்கொள்வது நல்லது. குண்டு எல்லாம் புஷ்டி ஆகிவிடாது.

அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்க்கிறார்கள். தடுப்பூசிக்குப் போகும்போதும் அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஒரு புள்ளி எதையும் சொல்லாது; மூன்று நாலு புள்ளிகள் சேர்ந்தால்தான் கோடு பேசும்.

மாமியார்களுக்கும், என்னைப் போன்ற மாமிகளுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை குழந்தை பார்க்கப் போனால், "எத்தனை கிலோ?" என்பதற்குப் பதிலாக, "கோடு ஏறுதாம்மா?" என்று கேளுங்களேன். ஏறுகிறது என்றால், பெற்றவளுக்கு ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் கொடுத்து, கொஞ்ச நேரம் குழந்தையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கச் சொல்லுங்கள்.