அபினி விளைவது நம் மண்ணில்! வலியில் துடித்துச் சாவதும் நம் ஜனங்கள்!



புற்றுநோய் முற்றிப்போய்ப் படுத்த பாட்டாளி இரவெல்லாம் அலறுகிறான். அக்கம்பக்கத்தாருக்கும் தூக்கமில்லை. ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள்? "இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்." கையில் நாலு பாரஸிட்டமால் மாத்திரை!

ஒன்றும் செய்வதற்கில்லை என்பது பச்சைப் பொய். நோயைத் தீர்க்க முடியாமல் போகலாம். வலியைத் தணிக்க முடியும். அதற்கு மருந்து மார்பின். அபினியிலிருந்து எடுப்பது. கடும் வலிக்கு அதை வாய்வழியாக, அலறும்வரை காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்து 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1986-லேயே வழி வகுத்தது. ஊசிகூட வேண்டியதில்லை. மாத்திரையின் விலை சில ரூபாய்.

அபினி எங்கே விளைகிறது? மத்தியப் பிரதேசத்தில், ராஜஸ்தானில், உத்தரப் பிரதேசத்தில். லைசென்ஸ் பெற்ற விவசாயி காயைக் கீறிப் பால் எடுத்து சர்க்காருக்கே அளக்கிறான். நீமச்சிலும் காஜிப்பூரிலும் சர்க்கார் ஆலைகள் இருக்கின்றன. காஜிப்பூர் ஆலை 1820-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வைத்தது. சீன ஜனங்களுக்கு அபினி விற்றுக் கொழுத்த அதே கம்பெனிதான்! கம்பெனி ஒழிந்தது, சரக்கு இன்னும் கப்பலேறுகிறது, வெளிநாட்டு மருந்து முதலாளிகளுக்கு. நம் நோயாளிகளுக்குக் கிடைப்பதோ தேவையில் சுமார் 4 சதவீதம் என்று 2017-ல் லான்செட் கமிஷன் கணக்குச் சொன்னது.

ஏன் இந்த நிலை? 1985-ல் போதை மருந்துச் சட்டம் வந்தது. குற்றம் என்றால் குறைந்தது 10 வருஷக் கடுங்காவல் என்று மிரட்டியது. மார்பின் வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிகள் நாலைந்து லைசென்ஸுக்கு இலாகா இலாகாவாக அலைந்தன. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதி! (கள்ளச் சந்தைக்காரன் எந்த லைசென்ஸுக்குக் காத்திருந்தான்?) பன்னிரண்டு வருஷத்துக்குள் நாட்டில் மார்பின் உபயோகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று.

2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. இன்று மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்று போதும். ஆகவே சட்டத்தைக் காட்டித் தப்பிக்க இனி வழியில்லை.

"பழக்கமாகிவிடும், அடிமையாக்கிவிடும்" என்பார்கள். புற்றுநோய் வலிக்குச் சிறு அளவில் தொடங்கி, டாக்டர் பார்த்துப் பார்த்து ஏற்றிக் கொடுத்தால் அடிமையாவது அபூர்வம். சாவையும் அது முன்னால் இழுத்து வராது. மலச்சிக்கல் வரும், கூடவே அதற்கும் மருந்து கொடுக்க வேண்டும்.

"அமெரிக்காவைப் பார்!" என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. பார்ப்போமே! அங்கே பர்டூ கம்பெனி 1996-ல் ஆக்ஸிகோன்டின் மாத்திரையைச் சந்தையில் இறக்கி, சாதாரண முதுகுவலிக்கும் தள்ளிவிட்டது. 2007-லும் 2020-லும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அந்த நாசம் லாபவேட்டையால் வந்தது. சாகக் கிடப்பவனுக்கு அளந்து கொடுத்த மாத்திரையால் வந்ததல்ல. அங்கே லாபம் கிடைத்ததால் தெருவெல்லாம் கொட்டினார்கள். இங்கே மலிவு மார்பினில் லாபமில்லை. அதனால் எந்தக் கம்பெனி ஏஜெண்டும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

முடியாத காரியமா இது? கேரளத்தைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் தோழர்களும் சிறு அளவில் தொடங்கினார்கள். ஊர் ஜனங்களே தொண்டர்களாகி வீடு வீடாகப் போனார்கள். 2008-ல் அது சர்க்கார் கொள்கையாயிற்று.

நம் மாநிலத்திலும் 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். நல்லது, வரட்டும். அவர் பின்னால் மார்பின் எழுதித் தரும் டாக்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஆலைத் தோழர்கள் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கேளுங்கள், விவசாயத் தொழிலாளர்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் கேளுங்கள்: அங்கீகாரம் வாங்கியாயிற்றா? பயிற்சி பெற்ற டாக்டர் யார்? இன்றைய தேதியில் இருப்பு எத்தனை மாத்திரை? சங்கத்தின் பேரில் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.