விசை போன கத்தி

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் திருவண்ணாமலை ரமண நகரில் வீடு காலி செய்யும் காலம் வரும். கார்த்திகையிலிருந்து செங்கம் சாலைப் பக்கம் அறையெடுத்துத் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குக் கிளம்புவார்கள். மெத்தை, கெட்டில், கொசுவலை, பிரேக் பிடிக்காத சைக்கிள், பாதி தீர்ந்த தேன் பாட்டில் எல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளில் தஞ்சமடையும். விமானத்தில் கைப்பையோடு கத்தி ஏறாது என்பதால் சட்டைப்பைக் கத்திகளும் இந்தக் கணக்கில் கைமாறும். என்னிடம் உள்ள மடக்குக் கத்தி அப்படி வந்ததுதான். கொடுத்தவர் ஒருமுறை 'டக்'கென்று திறந்து காட்டினார். பக்கத்தில் நின்ற என் மனைவி இரண்டடி பின்னால் போனாள்.

பழைய சினிமா வில்லன்கள் வைத்திருந்த பட்டன் கத்தி வேறு, இது வேறு. பட்டன் கத்தியில் பிடியிலுள்ள பொத்தானை அமுக்கினால் போதும், முழு வேலையையும் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். இதில் அலகின் முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கொம்பை விரலால் நாமே தள்ள வேண்டும். கொஞ்ச தூரம் வரைக்கும் எதிர்த்து நிற்கும். அந்த மேட்டைத் தாண்டியதும் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் கட்சி மாறி, மீதித் தூரத்துக்கு அலகை வெளியே வீசிவிடும். 1990களில் அமெரிக்காவில் பிளாக்கி காலின்ஸ், கென் ஆனியன் போன்ற கத்தி வடிவமைப்பாளர்கள் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பட்டன் கத்திக்கு எதிராக 1958 முதல் மத்தியச் சட்டம் இருக்கிறது. முதல் தள்ளு மனிதனுடையது என்பதால் இந்த வகை தப்பித்தது. 2009இல் சட்டத்தைத் திருத்தி அதற்கு வெளிப்படையாகவே விலக்கும் கொடுத்தார்கள்.

என் கத்தியின் ஸ்பிரிங் ஒரு பார்சல் சணலை அறுக்கத் திறக்கும்போது போனது. சத்தமெல்லாம் பெரிதாக இல்லை. கொம்பைத் தள்ளினேன், அலகு பாதி வந்து தொங்கியது. அவ்வளவுதான்.

வேகம் போய்விட்டது, இனி மெதுவாகத் திறந்துகொள்ளலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் திறந்துவிடுவது அந்த ஸ்பிரிங்கின் பாதி வேலைதான். மடக்கிய அலகைப் பிடிக்குள் அழுத்தி வைத்திருந்ததும் அதுவே. தொடக்கத்தில் விரலை எதிர்க்கிறதே, அந்த எதிர்ப்பு நம் தொடைக்கான காவல். சாதாரண மடக்குக் கத்திகள் பலவற்றில் அலகை மூடியபடி நிறுத்த ஒரு குட்டி உருண்டையோ முதுகு ஸ்பிரிங்கோ இருக்கும். இந்த வகையில் பலவற்றில் அது கிடையாது, ஸ்பிரிங்கே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆகவே ஸ்பிரிங் ஒடிந்த கத்தி வேட்டி மடிப்பிலோ பேன்ட் பையிலோ தானாக வாய் திறக்கும். ஒடிந்தது தெரிந்தவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம், அலகை மடக்கி ஒரு ரப்பர் பேண்டு போடுவது. ரிப்பேர் யோசனையெல்லாம் அதற்கப்புறம்.

அடுத்த சிக்கல் திருகாணி. ஆறுமுனை நட்சத்திரத் தலை. வீட்டு ஸ்குரூ டிரைவர் நுழையாது. சாணை பிடிப்பவரிடமும் இல்லை, சைக்கிள் கடையிலும் இல்லை. சின்னக்கடை வீதிப் பக்கம் செல்போன் ரிப்பேர் செய்யும் தம்பியிடம் இருந்தது. "அண்ணா, இதுல டிஸ்ப்ளே எங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினான். திருகாணி அசையவில்லை. தானாகக் கழன்றுவிடக் கூடாதென்று கம்பெனியிலேயே மரையில் பசை தடவி அனுப்புவார்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் நட்சத்திரம் வட்டமாகிவிடும், பிறகு ஆண்டவனாலும் கழற்ற முடியாது. சால்டரிங் அயர்னின் முனையைத் திருகாணித் தலையில் சற்று நேரம் வைத்தான். பசை இளகியது, சாதுவாகக் கழன்றது. வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று கழற்றும்போதே போனில் படமெடுத்துக்கொண்டான். கத்தியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. கழற்றுவதைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது.

உள்ளே இருந்தது சுருள் ஸ்பிரிங் அல்ல. பிடியின் ஓரமாக வளைந்து படுத்திருக்கும் ஒரு கம்பி. அதன் ஒரு முனை பிடியில் ஊன்றியிருக்கும். மறுமுனை கொக்கிபோல மடங்கி அலகின் அடிக்கட்டையில் உள்ள துளைக்குள் நுழைந்திருக்கும். ஒடிந்திருந்தது அந்தக் கொக்கி மடங்கும் இடத்தில். போன் போர்டு பார்க்கும் மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்துக் காட்டினான். முறிந்த முகத்தில் ஒரு பகுதி மழமழவென்று கறுத்திருந்தது. மீதி, உடைத்த கற்கண்டுபோலச் சொரசொரப்பாக மின்னியது. கறுத்த பகுதி பழைய விரிசல். வளைவிலிருந்த ஏதோ கீறலில் தொடங்கி, ஒவ்வொரு திறப்புக்கும் கொஞ்சமாக உள்ளே ஊர்ந்து போயிருக்கிறது. மின்னிய பகுதிதான் சணல் அறுக்கப்போன அன்றைக்கு ஒடிந்தது. என் கட்டைவிரலையோ சணலையோ குற்றம் சொல்ல வழியில்லை.

புதுக் கம்பிக்கு வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதிப் போடலாம்; கேட்டால் பல கம்பெனிகள் அனுப்புகின்றன. எனக்கு அதற்கு முன் உள்ளூரில் பார்த்துவிடும் சபலம். தேரடி வீதிப் பக்கம் பூட்டு ரிப்பேர் செய்யும் பெரியவரிடம் போனேன். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வெட்டி வளைத்துப் பார்த்தார். வளைந்த இடத்திலேயே நின்றுகொண்டது. திரும்பி வரும் குணம் போதவில்லை. நெருப்பில் காட்டி வளைக்கலாமா என்று கேட்டேன். "பழுக்கக் காச்சினா செத்துடும் சார்" என்றார். சரிதான். பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டால் உருக்கு மெழுகாகிவிடும், தண்ணீரில் முக்கினால் கண்ணாடியாகிவிடும். முக்கியதை மறுபடி நீலம் பூக்கும் அளவுக்கு இளஞ்சூட்டில் பதப்படுத்தினால்தான் ஸ்பிரிங். இவ்வளவு மெல்லிய கம்பியில் அந்த நீலம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து கடந்துவிடும். ஆகவே ஏற்கெனவே பதமேறிய பியானோ கம்பியை அதே பருமனில் வாங்கி, சூடே காட்டாமல், கூர்மையான மடிப்பு விழாதபடி ஒரு ஆணியைச் சுற்றி வளைப்பதுதான் முறை. மடிப்பு கூர்மையானால் அடுத்த விரிசலுக்கு நாமே பிள்ளையார் சுழி போட்டதாகும்.

லாரியின் ஸ்பிரிங் பட்டை தேய்ந்தால் நம் கொல்லர்கள் அதைக் காய்ச்சி அடித்து அரிவாளாக்கிவிடுவார்கள். திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயருக்குப் பின்னால் அந்த உருக்கும் இருக்கிறது. ஸ்பிரிங்கைக் கத்தியாக்க ஆள் உண்டு. கத்திக்கு ஸ்பிரிங் செய்யத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது.

இந்த ஊரில் ரிப்பேர் என்று பேச்செடுத்தால் ரமணர் வராமல் இருக்கமாட்டார். கிழிந்த கோவணத்தை முள்ளையே ஊசியாக்கி, அதே துணியிலிருந்து நூலை உருவித் தைத்துக்கொண்டார் என்று ஆசிரம நூல்கள் சொல்கின்றன. விடியுமுன் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்கியவர், தேங்காய்ச் சிரட்டையைப் பளபளக்கத் தேய்த்துக் கிண்ணமாக்கியவர். எளிமை, துறவு பற்றியெல்லாம் தெரிந்தவர்கள் எழுதட்டும். எனக்குப் பிடித்தது அந்தத் தையலின் தொழில்நுட்பம்: இற்றுப்போன துணிக்கு வெளியிலிருந்து முரட்டு நூல் போட்டால் நூல் நிற்கும், துணி கிழியும். அதே துணியின் நூல் என்றால் அந்தச் சண்டையே இல்லை.

பியானோ கம்பி தேடுவதை நான் கைவிட்டுவிட்டேன். கம்பி இல்லாமலேயே கத்தியைப் பூட்டி, அச்சுத் திருகாணியைச் சற்று இறுக்கினோம். இப்போது அலகு தன் எடையில் விழாது. இரண்டு கையாலும் திறக்க வேண்டும். பிரான்சின் ஒபினெல் கத்தி 1890 முதல் ஸ்பிரிங்கே இல்லாமல் மரப்பிடியின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. திறந்த அலகைப் பூட்டும் வளையமே 1955இல்தான் வந்தது. மாங்காய் நறுக்கவும் சணல் அறுக்கவும் எனக்கு எந்த அவசரமும் இல்லை. ஒன்றில் கவனம் வேண்டும்: இறுக்கம் நாளாவட்டத்தில் தளரும். அதனால் ரப்பர் பேண்டு இன்னமும் அதன் மேல்தான் இருக்கிறது.

ஸ்பிரிங் இல்லாததில் இன்னொரு நிம்மதியும் உண்டு. நம் ஆயுத விதிகள் பொதுவாகப் பார்ப்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை. ஆனால் டெல்லியில் 1980இல் போட்ட அறிவிக்கை பட்டன் கத்தி, ஸ்பிரிங் கத்தி வகைகளைத் தனியாகக் குறிவைத்தது, 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் இருந்தாலே வழக்கு. முதல் தள்ளு என்னுடையது என்று ஓடும் ரயிலில் ஒரு காவலருக்கு விளக்கிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. தீபக் கூட்டத்தில் எந்தக் கத்தியையும் விளக்க முடியாது. கோயிலுக்குப் போகிற நாளில் அது வீட்டு அலமாரியில் இருக்கும்.

பெரியவர் என்னிடம் கூலி வாங்கவில்லை. ஒடிந்த கம்பியின் நீளமான துண்டை மட்டும் கேட்டார். "பூட்டுக்குள்ள ஒடஞ்ச சாவிய எடுக்க இத மாதிரி கம்பி கெடைக்காது சார்" என்று சொல்லி, முனையைச் சாணைக்கல்லில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.