நந்திக்கு செல்ஃபி ஓகே... பரிசல்காரர்களின் வரலாறு எங்கே?

மேட்டூர் அணையில் தண்ணீர் நன்றாக இறங்கினால் போதும், பண்ணவாடியில் கூட்டம் கூடிவிடும். ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தலைகாட்டும். 1934-ல் அணை வந்தபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம் அது. எல்லோர் கையிலும் செல்ஃபி.

ஆனால், அதே நீரில் பரிசல் போட்டு வலை வீசுகிறவர்களின் கதையை யார் எடுத்து வைப்பது?

கலிஃபோர்னியாவில் நடந்தது என்ன?

1850-களில் சீனாவிலிருந்து வந்த மீனவர்கள், மாண்டரே விரிகுடாவில் பாயின்ட் அலோன்ஸ் என்ற குப்பத்தை அமைத்தார்கள். மற்ற மீனவர்களோடு தகராறு. அதனால் ராத்திரியில் படகில் தீ மூட்டி, வெளிச்சத்துக்கு வரும் கணவாயைப் பிடித்தார்கள். காயவைத்து சீனாவுக்கு அனுப்பினார்கள். ஊர்க்காரர்கள் பேசியதெல்லாம் அந்த நாற்றத்தைப் பற்றித்தான்.

1906 மே 16 அன்று குப்பம் எரிந்தது. நிலத்துக்குச் சொந்தமான நிறுவனம் ஏற்கெனவே காலி செய்யச் சொல்லியிருந்தது. அங்கே மறுபடி வீடு கட்ட விடவில்லை. இப்போது அந்த இடத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது.

சுமார் நூறு வருஷம் கழித்து ஆய்வாளர்கள் அங்கே தோண்டினார்கள். தேடியது புதையலை அல்ல, குப்பையை. உடைந்த பீங்கான், மீன் முள் போன்றவைதான் ஒரு குடும்பம் என்ன சாப்பிட்டது, என்ன வாங்கியது என்று சொல்லும். புகார் மட்டுமே மிஞ்சிய இடத்தில் வாழ்க்கை திரும்பக் கிடைப்பது இப்படித்தான்.

சரி, இதுக்கும் மேட்டூருக்கும் என்ன சம்பந்தம்?

'தொண்ணூறு வருஷக் கதையெல்லாம் தொல்லியலா?' என்று கேட்கலாம். 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, ஒரு பொருளுக்குப் பொதுவாக 100 வயது ஆக வேண்டும். கல் நந்தி அதுவரை தாங்கும். மூங்கில் பரிசல் தாங்காது. அதன் இடத்தில் ஏற்கெனவே ஃபைபர் பரிசல் வந்துவிட்டது. மூழ்கிய ஊரின் கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டவர்களும் அதுவரை இருக்க மாட்டார்கள்.

பெரிய பட்ஜெட் எதுவும் தேவையில்லை. தண்ணீர் இறங்கும்போது கரையில் கிடப்பதைப் படமெடுத்துப் பதியலாம். வயதான மீனவர்களிடம் பேசி, குரலைச் சேமிக்கலாம். சேலம் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு மூங்கில் பரிசலுக்கு இடம் கொடுக்கலாம்.

கோயில் கட்டியவர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. மீன் பிடித்தவர்களுக்கு நாம் எழுதினால்தான் உண்டு. அடுத்த முறை பண்ணவாடி போகிறவர்கள், நந்தியோடு ஒரு செல்ஃபி எடுத்த கையோடு, பக்கத்தில் வலை உலர்த்துகிறவரிடம் பத்து நிமிஷம் பேசட்டும். ரெக்கார்டரும் அதே போனில்தானே இருக்கிறது!