வானத்துக்கு ஒட்டுப்போட்ட நுவா



உலகம் எப்படி வந்தது? வீட்டில் ஏழெட்டு வயதுப் பிள்ளை இருந்தால் இந்தக் கேள்வி வராமல் போகாது. சீனக் குடும்பங்களில் இதற்கு ஒரு பழைய பதில் உண்டு.

ஆதியில் எல்லாமே ஒரு முட்டைக்குள் கலங்கிக் கிடந்ததாம். உள்ளே பான்கு என்ற பேருருவன் வளர்ந்தான். முட்டை பிளந்ததும் தெளிந்தது மேலே போய் வானமானது. கலங்கல் கீழே தங்கி நிலமானது. வானம் நாளுக்குப் பத்து அடி உயர, நிலம் பத்து அடி தடிக்க, இடையில் பான்குவும் அதே அளவு வளர்ந்துகொண்டே போனான். இப்படி 18,000 ஆண்டுகள். அவன் இறந்தபோது மூச்சு காற்றானது, குரல் இடியானது, கண்கள் சூரியனும் சந்திரனும் ஆயின, ரத்தம் ஆறுகளாக ஓடியது. மனிதர்கள்? அவன் உடம்பில் ஊர்ந்த பூச்சிகள்! கி.பி. 3-ஆம் நூற்றாண்டு சூ ஜெங் பெயரில் வரும் ஏடுகள் இதைச் சொல்கின்றன.

எனக்குப் பான்குவைவிட நுவாவைத்தான் பிடிக்கும். மஞ்சள் மண்ணைப் பிசைந்து மனிதரை உருவாக்கிய பெண் தெய்வம் அவள்.

ஒருமுறை கொங்கொங் என்பவன் கோபத்தில் புஜோ மலையை முட்ட, வானத்தைத் தாங்கிய தூண் முறிந்தது. சீனாவின் பெரிய ஆறுகள் கிழக்கே ஓடுவது அன்று நிலம் சாய்ந்ததால்தானாம். கிழிந்த வானத்தை நுவா ஐந்து நிறக் கற்களை உருக்கி அடைத்தாள். பெரிய ஆமையின் கால்களை வெட்டி நான்கு திசையிலும் முட்டுக்கொடுத்தாள். நாணல் சாம்பலைக் கொட்டி வெள்ளத்தை நிறுத்தினாள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் ஹுவாய்நான்சி நூலில் இவை தனித்தனிக் கதைகள். பின்னால் வந்தவர்கள் சேர்த்துச் சொன்னார்கள்.

உலகம் பழுதானதும் அவள் அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்யப் போகவில்லை, பாருங்கள். இருப்பதைச் சரிசெய்தாள். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்த மனசு உடனே புரியும்.

நுவா மனிதரைச் செய்த நாள் என்று சீனப் புத்தாண்டின் ஏழாம் நாளை 'மனிதரின் பிறந்தநாள்' என்பார்கள். கோழி, நாய், ஆடு, பன்றி, மாடு, குதிரை எல்லாம் பிறந்த பிறகுதான் நாம் வந்தோமாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் உறவினர்களுக்கு, அந்த நாளில் சீன நண்பர்கள் மேசையைச் சுற்றி நின்று கிளறும் ஈ சாங் என்ற உணவு நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஆனால் இதே நுவாவைப் பற்றி இன்னொரு கதையும் இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் யிங் ஷாவ் எழுதிவைத்தது. ஒவ்வொருவராகப் பிசைந்து களைத்துப்போன நுவா, ஒரு கயிற்றைச் சேற்றில் தோய்த்து இழுத்தாள். அதிலிருந்தும் மனிதர்கள் வந்தார்கள். கையால் பிசைந்தவர்கள் செல்வரும் மேலோரும். கயிற்றுச் சேற்றில் வந்தவர்கள் ஏழை எளியவர்கள்.

பிறக்கும்போதே மேல், கீழ்! எங்கோ கேட்ட மாதிரி இல்லை? வாயிலிருந்து ஒருவர், பாதத்திலிருந்து ஒருவர் என்று சொல்லும் புருஷ சூக்தம் நமக்குத் தெரியாததா? ஏற்றத்தாழ்வை உண்டாக்கியது மனிதர்கள்; பழியைச் சுமப்பது மட்டும் தெய்வம்.

அப்படியானால் இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டுவிடலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். "அது எப்படி நியாயம்?" என்று பிள்ளை கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்காகவே சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்பதும் சீன மரபில் இருப்பதுதான். கி.மு. 4-ஆம், 3-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கவிஞர் சூ யுவான் பெயரில் வழங்கும் 'தியான்வென்' முழுக்க முழுக்கக் கேள்விகளால் ஆனது. நுவாவின் உடலைச் செய்தது யார் என்றுகூட அது கேட்கிறது. 2020-இல் செவ்வாய்க் கிரகத்துக்குக் கிளம்பிய சீன விண்கலத்துக்கு தியான்வென்-1 என்றே பெயர் வைத்தார்கள்.

இந்த வாரம் ஒரு நாள், ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், டி.வி.யை அணைத்துவிட்டுப் பான்குவையும் நுவாவையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கயிற்றுக் கதையையும் சேர்த்துத்தான். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று மறக்காமல் எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்